தட்டில் சாகும் புற்றுச்செல் உடலில் ஏன் சாவதில்லை?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எப்போதும் ஹெச்.பி.வி. வைரஸ்தான் மூலம். அதிலும் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். வைரஸின் ஈ6 புரதம், பழுதான செல்லைச் சாகவைக்கும் பி53 புரதத்தை அழிக்கிறது. ஈ7, செல் பிரிவதற்குக் கடிவாளம் போடும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கிவிட்டால் செல் பிரிவதை நிறுத்தும், அல்லது தானாகவே சாகும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சேர்மம் இதைச் செய்கிறது, ஆய்வகத் தட்டில். 1951 முதல் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டு வரும் ஹீலா எனும் கருப்பைவாய்ப் புற்றுச்செல்களுக்குள் 18ஆம் வகை வைரஸின் மரபணு இருக்கிறது. அவற்றில் குர்குமின் விட்டால் ஈ6, ஈ7 உற்பத்தி குறைகிறது. சிக்கல் அளவில்தான். தட்டில் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) வரை விடுகிறார்கள். தினமும் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்திலோ சராசரி உச்சம் 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. 8 கிராம் என்பது சாதாரண அளவல்ல. 3 சதவீதம் குர்குமின் உள்ள மஞ்சள்தூள் என்றால் கால் கிலோவுக்கு மேல் வேண்டும். இவ்வளவு விழுங்கியும் ரத்தத்தில் ஏறாததற்குக் காரணம், குடல்சுவரும் கல்லீரலும் குர்குமினில் குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி வெளியே தள்ளிவிடுகின்றன.

தட்டுச் சோதனையே ஏமாற்றுவதும் உண்டு. எம்.டி.டி. சோதனையில் உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். பாலிஃபீனால் எனும் தாவரச் சேர்மங்கள் பல செல்லே இல்லாமல் அதை ஊதாவாக்கிவிடும். செத்த செல்லும் உயிரோடிருப்பதாகக் கணக்கில் ஏறும். எனவே செல் இல்லாமல் சேர்மம் மட்டும் போட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். குர்குமின் தண்ணீரில் கரையாததால் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைக்கிறார்கள். அதுவே அளவு கூடினால் செல்லைக் கொல்லும். குர்குமின் விடாத ஒப்பீட்டுக் குழியிலும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. இல்லையென்றால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

மருத்துவமனை வரை வந்த தாவர மருந்துகள் வேறு வழியில் வந்தவை. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்செல் ஈ6, ஈ7 பக்கமே போவதில்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களைக் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. நேரே ரத்தநாளத்தில் ஏற்றுவதால் குடலில் வீணாவதில்லை. வழக்கமான அளவு, உடல்பரப்பு சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம், 3 மணி நேரம், 3 வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துடன். இதுவும் தண்ணீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் வருகிறது. அந்தக் கரைப்பான் கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். அதனால்தான் ஒவ்வாமையை அடக்கும் டெக்சாமெத்தசோனை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். பி.வி.சி. குழாயிலிருந்து பிளாஸ்டிக் இளக்கியையும் அது கரைத்து இழுக்கும் என்பதால் குழாயும் வேறு.

குர்குமின் மாத்திரைகள் பலவற்றில், அது உடலில் ஏறுவதற்காக மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பாக்லிடாக்செலைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்றான சி.ஒய்.பி.3ஏ4-ஐ பைப்பரின் தடுக்கக்கூடியது. கீமோ நடக்கும்போது இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.