ஓட்டை எங்கே விழுந்தது? ரோடு பைக் டயரும் பஞ்சரும்

ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிள், அடிக்கடி பஞ்சர் ஆகிறதென்றால், இருப்பதிலேயே தடித்த டயரைத் தேடி வாங்குவதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. அதற்கு முன் கழற்றிய ட்யூபை ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது. ஓட்டை விழுந்த இடமும் அதன் வடிவமும் காரணத்தைச் சொல்லிவிடும். அந்தக் காரணத்துக்கும் டயரின் தடிமனுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

ட்யூபில் லேசாகக் காற்றடித்து, காதருகே வைத்து மெல்லச் சுற்றினால் சீறும் இடம் பிடிபடும். பிடிபடாவிட்டால் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாம். சாலையைப் பார்த்த பக்கம் ஓட்டை இருந்தால் கண்ணாடிச் சில்லோ முள்ளோ கம்பியோ குத்தியிருக்கிறது. பக்கவாட்டில் அருகருகே இரண்டு சிறு வெட்டுகள் இருந்தால் எதுவும் குத்தவில்லை. பள்ளத்தின் விளிம்பில் மோதியபோது டயர் முழுக்க நசுங்கி, ட்யூப் ரிம்மின் ஓரத்தில் கடிபட்டிருக்கிறது. பாம்புக்கடி என்பது இதைத்தான். ரிம்மைப் பார்த்த உட்புறத்தில் ஓட்டை என்றால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப்பைச் சந்தேகப்படுங்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்ப் அடிக்கும்போது வால்வை ஆட்டியிருக்கிறோம், அல்லது ட்யூப் நழுவி வால்வு சாய்ந்தபடியே ஓடியிருக்கிறது. விரல் நீளத்துக்கு வெடித்துக் கிழிந்திருந்தால், மாட்டும்போது டயர் விளிம்புக்கு அடியில் ட்யூப் சிக்கியிருந்தது என்று அர்த்தம்.

இந்த ஐந்தில் முதலாவதற்கு மட்டும்தான் தடித்த டயர் பதில்.

அந்த முதல் வகையும் பெரும்பாலும் ஒரே நொடியில் நடப்பதில்லை. சிறிய சில்லு முதலில் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சாலை அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும். 25 மி.மீ. அகலமுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.1 மீட்டர் கடக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் அந்தச் சில்லு 475 முறை அழுத்தப்படுகிறது. ஆகவே வண்டியை நிறுத்தியதும் டயரைச் சுற்றிப் பார்த்து, பதிந்திருக்கும் சில்லை ஊசி முனையால் கிளறி எடுத்துவிட்டால் நாளைய பஞ்சர் இன்றே தடுக்கப்படுகிறது. இதற்குச் செலவு இல்லை; ஆனாலும் மிகச் சிலரே செய்கிறார்கள். மழைக்குப் பின் இது இன்னும் அவசியம். ஈரம் உயவுபோல் வேலை செய்து கண்ணாடி ரப்பரை வெட்டுவதை எளிதாக்குகிறது. ஓரத்தில் கிடந்த குப்பையையும் தண்ணீர் சாலைக்குள் இழுத்து வருகிறது.

பின் டயர்தான் அதிகம் பஞ்சராகும். எடையில் பாதிக்கு மேல் அதன் மீது இருக்கிறது. படுத்துக் கிடக்கும் சில்லை முன் சக்கரம் கிளப்பிவிட, பின் சக்கரம் அதன் மேல் ஏறுவதும் உண்டு. தேய்மானமும் பின்னால்தான் வேகம்: நடுப்பகுதி தட்டையாகிவிட்ட டயரில் முள்ளுக்கும் ட்யூபுக்கும் நடுவே மிச்சமிருக்கும் ரப்பர் மிகக் குறைவு. அப்போது புது டயரை முன்னாலும், முன்னால் இருந்ததைப் பின்னாலும் மாட்டுவது நல்ல பழக்கம். முன் டயர் திடீரென்று காற்றிழந்தால் வண்டியைச் சமாளிப்பது கடினம் என்பதால், நல்ல டயர் எப்போதும் முன்னால் இருக்கட்டும்.

டயருக்குள் இருப்பவை மூன்று: நூல் அடுக்கு, அதன் மேல் ரப்பர், இரண்டுக்கும் நடுவே காப்புப் பட்டை. காப்புப் பட்டைகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஒன்று, வெட்டுப்படாத இழையால் நெய்தது. டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபானி குவாலெக் 1965-இல் கண்டறிந்த கெவ்லார் இப்படிப்பட்ட இழைதான். கான்டினென்டல் தன் டயர்களில் வெக்ட்ரான் என்ற இழையைப் பயன்படுத்துகிறது. இவை கண்ணாடிச் சில்லை நன்றாகத் தடுக்கும். ஆனால் லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி, இந்த இழைகளுக்கு இடையே நுழைந்துவிடும். மற்றது, தடித்த ரப்பர் மெத்தை. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயரில் இது 5 மி.மீ. தடிமன், குண்டூசிகூட ட்யூபைத் தொடாமல் நிற்க வாய்ப்புண்டு. அதற்கு விலை எடையும் வேகமும். ரப்பர் நசுங்கி மீளும் ஒவ்வொரு முறையும் மிதித்த ஆற்றலில் கொஞ்சம் வெப்பமாகிப் போகிறது. தடிமன் கூடக் கூட இழப்பும் கூடும். சுமை ஏற்றிப் போகும் வண்டிக்கு அது சரி. ரோடு பைக்கில் மாட்டினால் ரோடு பைக் வாங்கியதன் பயனே போய்விடும்.

பட்டை எதுவரை போகிறது என்றும் பாருங்கள். பந்தய டயர்கள் பலவற்றில் தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் மட்டுமே அது இருக்கும். கூரான கல் உரசினால் பக்கச்சுவர் கிழியும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை காப்பு உள்ளவை சற்று எடை கூடியவை என்றாலும், மோசமான சாலைக்கு அவைதான் சரி. தினசரி ஓட்டத்துக்கு, சட்டகம் இடம் கொடுத்தால், இப்படிப்பட்ட 28 மி.மீ. டயரே என் தேர்வாக இருக்கும். டயரில் 28-622 என்று போட்டிருக்கும்: முதல் எண் அகலம், 622 என்பது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், மி.மீ. கணக்கில். இரண்டாவது எண் பொருந்தாவிட்டால் டயர் ஏறாது. அகலம் கூடும்போது சட்டகத்துக்கும் டயருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

அகலத்தின் உண்மையான லாபம் பாம்புக்கடியில் தெரியும். பின் சக்கரத்தில் 45 கிலோ இறங்குகிறது, காற்றழுத்தம் 6 பார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார் என்பது ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ. எனவே தரையைத் தொடும் பரப்பு ஏழு சதுர செ.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பள்ளத்தின் விளிம்பில் இடிக்கும்போது மொத்த விசையும் ஒரு கோட்டில் விழுகிறது. ரிம் தரையைத் தொடுவதற்குள் அதை விழுங்க டயருக்கு உயரம் வேண்டும். அகலமான டயருக்கு உயரமும் அதிகம். அதனால் குறைந்த அழுத்தத்திலும் ட்யூப் தப்பிக்கிறது.

எவ்வளவு அடிப்பது? பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதுவரை அடித்தே தீர வேண்டும் என்பதில்லை. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், பின் டயரில் 25 மி.மீ.க்கு 6 பார், 28-க்கு 5, 32-க்கு 4 என்று தொடங்கி, முன்னால் கால் பார் குறைக்கலாம். தேவைக்கு மேல் இறுக்கினால் டயர் சில்லைச் சுற்றி வளைந்து கொடுக்காமல் அதன் மீதே முழு எடையையும் போடும். டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லாத ரிம்முக்கு 5 பார்தான் எல்லை. அதற்கு ஏற்றதென்று குறிப்பிட்ட டயரை மட்டுமே மாட்ட வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள்: 4 பாரும் 6 பாரும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மீட்டருள்ள பம்ப் வேண்டும். வழக்கமான கறுப்பு ரப்பர் ட்யூபுக்கு (பியூட்டைல்) வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். லேட்டக்ஸ் ட்யூப் ஒரே இரவில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அடிக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் ரிம் டேப். 8 மி.மீ. விட்டமுள்ள ஸ்போக் துளையில், 6 பாரில், ட்யூபை உள்ளே தள்ளும் விசை சுமார் 3 கிலோ. டேப் நகர்ந்தோ தளர்ந்தோ இருந்தால் துளையின் ஓரம் ட்யூபை அறுத்துவிடும். டேப் துளைகளை முழுக்க மூட வேண்டும். ஆனால் டயர் உட்காரும் மேட்டில் ஏறக் கூடாது.

திசை அம்புக்குறியைப் பார்த்து, டயரின் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி ஒரு விளிம்பை ஏற்றுங்கள். பெயரை அங்கே வைப்பது அழகுக்கு அல்ல: பின்னால் ட்யூபில் ஓட்டை விழுந்தால், டயரில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்று வால்விலிருந்து அளந்துவிடலாம். ட்யூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்றடித்து, வால்வை நுழைத்து, முறுக்கில்லாமல் உள்ளே படுக்க வையுங்கள். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். காரணம் ரிம்மின் வடிவம். நடுப்பள்ளத்தில் விட்டம் குறைவு. ஏறிய பகுதியை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசிப் பகுதிக்குத் தளர்ச்சி கிடைக்கும். வால்வின் அடி தடிப்பாக இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது. அங்கே தொடங்கியவர்தான் கடைசியில் டயரை நெம்பும் லிவரைத் தேடுவார்.

இறுதிச் சாண் அளவு ஏற மறுத்தால், எதிர்ப்புறத்திலிருந்து இரு கைகளாலும் தளர்ச்சியை வால்வை நோக்கி இழுத்து வந்து, உள்ளங்கையின் அடியால் உருட்டி ஏற்றுங்கள். லிவர் கழற்றுவதற்கு மட்டும்தான்; மாட்டும்போது நெம்பினால் புது ட்யூபே கடிபடும்.

ஏறியதும் வால்வை உள்நோக்கி ஒருமுறை அமுக்கி விடுங்கள்; அடியில் சிக்கிய ட்யூப் விடுபடும். பிறகு டயரை இரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே முழுச் சுற்று பார்த்து வாருங்கள். எங்காவது ட்யூப் கண்ணில் பட்டால் அங்கே வெடிக்கும். 2 பார் அடித்து, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு எங்கும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்த பின்னரே முழு அழுத்தம்.

குத்திய பொருளை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆகும். கம்பித் துண்டு வெளியே தெரியாது. டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் துடைத்தால் துணி மாட்டும் இடத்தில் அது இருக்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். ஒட்டுப்போடும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லப் பூசி, பளபளப்பு மங்கும்வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைப்பதால்தான் பல ஒட்டுகள் பிடிப்பதில்லை.

ட்யூப்லெஸ் டயரில் 30 முதல் 40 மி.லி. அடைப்புத் திரவம் சிறு துளைகளைத் தானே மூடும். அழுத்தம் கூடினால் உறைவதற்குள் காற்று அதைப் பீய்ச்சிவிடுவதால், 28 மி.மீ.க்குக் குறைந்த டயரில் அதன் பலன் குறைவு. சில மாதங்களில் திரவம் காய்ந்தும் போகும்.

வழியில் கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பியிருந்தால், வீடு வந்ததும் அதை முழுக்க வெளியேற்றிவிட்டுக் காற்றடியுங்கள். பியூட்டைல் ரப்பர் வழியே அந்த வாயு காற்றைவிட வேகமாகக் கசியும். மறுநாள் டயர் இறங்கியிருப்பதைப் பார்த்து, இல்லாத ஓட்டையைத் தேடி ட்யூபை மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.