கடல் காற்றாலைத் திட்டம்: டெல்டாவுக்கு எது வரும், எது வராது

கடலுக்குள் காற்றாலை அமைக்க ஒன்றிய அரசு 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, ‘இதற்கு எங்கே மனு போடுவது?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இது தனி ஆள் மனு போடும் திட்டம் இல்லை. இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட யாருடைய வங்கிக் கணக்குக்கும் மானியமாக வராது. ‘காற்றாலை மானியம் வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது வந்தால் எதுவும் கொடுக்காதீர்கள்.

திட்டம் இதுதான். கடலுக்குள் கோபுரம் நட்டு மின்சாரம் எடுப்பதற்கு நிலத்தில் எடுப்பதைவிடச் செலவு மிக அதிகம். அந்த விலைக்கு மின்வாரியங்கள் வாங்க மாட்டா. துண்டு விழும் தொகையை ஒன்றிய அரசு, காற்றாலை அமைக்கும் நிறுவனத்துக்குக் கொடுத்தால், மின்சாரத்தை வாங்கத்தக்க விலைக்கு விற்க முடியும். 2024 ஜூன் 19 அன்று ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் தந்தது. மொத்தத்தில் 6,853 கோடி, குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட் அமைக்க. மீதி 600 கோடி, கனமான காற்றாலைப் பாகங்களைக் கையாளும்படி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த. கடலுக்குள் அமையும் துணை மின்நிலையத்தையும் கரைவரை வரும் கேபிளையும் அமைப்பது பவர்கிரிட் என்ற பொதுத்துறை நிறுவனம்.

தமிழ்நாட்டில் இதற்கென்று குறித்த கடல் பகுதி, தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம். காற்றின் வேகம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரையுள்ள நம் டெல்டாக் கடல் அதில் இல்லை. எனக்கு இதில் வருத்தம் இல்லை. வலசைப் பறவைகள் வந்திறங்கும் கோடியக்கரையும், நெருக்கமாகப் படகு ஓடும் நாகை, காரைக்கால் கடலும் கோபுரம் நட ஏற்ற இடங்கள் அல்ல. இந்தியக் கடலில் இன்னும் ஒரு காற்றாலைகூட மின்சாரம் கொடுக்கத் தொடங்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே வேலை கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் நமக்கு என்னதான் இருக்கிறது? முதலில் திருச்சியைப் பாருங்கள். அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் துவாக்குடி சுற்று வட்டாரத்தில் ஏராளம். தடித்த தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் போடுவதுதான் அவர்கள் தொழில். புதிய அனல்மின் நிலையங்கள் குறைந்ததும் ஆர்டரும் குறைந்தது. கடல் காற்றாலைக்கு வேண்டியதில் பெரும்பங்கு இதே வேலைதான். ஆனால் கடலடியில் இறக்கும் தூண் ஒவ்வொன்றும் பல நூறு டன் எடையுள்ளது. அதை லாரியில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோக முடியாது, துறைமுகத்தை ஒட்டியே செய்தாக வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் இதற்குப் பேசப்படும் துறைமுகம் தூத்துக்குடி. திருச்சிப் பட்டறைகள் கேட்டு வாங்கக்கூடியது ஏணி, நடைமேடை, கைப்பிடி, கேபிள் தாங்கி மாதிரியான சிறு பாகங்களைத்தான். சிறிதென்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒவ்வொரு கோபுரத்துக்கும் இவை வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விதி கைகொடுக்கும். ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்கள் ஓர் ஆண்டில் வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் குறைந்தது 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடும் பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 விழுக்காடும் உண்டு. பவர்கிரிட்டுக்கும் இது பொருந்தும். கட்டுமான ஒப்பந்தங்களுக்கு மட்டும் பொருந்தாது. இந்த உரிமையைக் கேட்க, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். இணையத்தில் ஆதாரை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது.

அடுத்தது படித்த பிள்ளைகள். ஐடிஐ, டிப்ளமோவில் எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் முடித்தவர்களுக்குச் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் வாயுமித்ரா என்ற காற்றாலைப் பயிற்சி நடத்துகிறது. படித்துக்கொண்டிருப்பவர்கள் நான் முதல்வன் திட்டத்தில் இது சார்ந்த பாடம் இருக்கிறதா என்று கல்லூரியில் கேளுங்கள். வெளிநாட்டுக் கடல் காற்றாலைகளில் வேலைக்குச் சேர ஜிடபிள்யூஓ என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கம் இருக்கிறது, சான்றிதழ் இருக்காது. சர்வே கப்பலிலோ பராமரிப்புக் கப்பலிலோ வேலை செய்ய, கப்பல் பணியாளருக்கான சிடிசி என்ற பதிவுப் புத்தகம் வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி முடிக்க வேண்டும், செலவும் உண்டு. நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கும்போது, இந்தப் பயிற்சியை உதவித்தொகையோடு அங்கேயே நடத்தச் சொல்லி மாநில அரசை நாம் கேட்க வேண்டும். நம் பகுதி முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான் என்பேன்.

‘டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, இதெல்லாம் இங்கே வர முடியுமா?’ என்ற கேள்வியும் வருகிறது. 2020-இல் வந்த சட்டம் தஞ்சை, திருவாரூர், அப்போது மயிலாடுதுறையையும் சேர்த்திருந்த நாகை ஆகிய மாவட்டங்களுக்கும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பொருந்தும். திருச்சி அதில் வராது. ஹைட்ரோகார்பன் கிணறு, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் போன்றவற்றுக்குத் தடை. காற்றாலைப் பாகம் செய்யும் பட்டறை அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. சட்டத்தின் இன்னொரு பிரிவையும் கவனியுங்கள். துறைமுகம், சாலை, குழாய்ப்பாதை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களைச் சட்டம் தடுக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே நன்செய் நடுவே உயர் அழுத்த மின்கோபுரம் வந்தால் இந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியாது. பேச வேண்டியது இழப்பீட்டைப் பற்றி.

ஒன்றிய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கோபுரத்தின் கால் பதியும் இடத்துக்கு நில மதிப்பின் 200 விழுக்காடு, கம்பிக்குக் கீழுள்ள பாதைக்கு 30 விழுக்காடு இழப்பீடு தர வேண்டும். இது 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள மின்தொடர்களுக்கு. முன்பு இவை 85, 15 விழுக்காடாக இருந்தன. இந்த வழிகாட்டுதலை மாநிலங்கள் அப்படியே ஏற்கலாம், மாற்றியும் உத்தரவிடலாம். எனவே சர்வே ஆட்கள் வயலில் இறங்கும்போதே, எந்த அரசாணைப்படி எவ்வளவு தருகிறீர்கள் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.