நிகழ்தகவு: முறை வைத்து வராதது

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று நாலு கணக்கோடு வந்துபோகும் சொல் நிகழ்தகவு. பரீட்சை முடிந்ததும் அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் மழை, வெள்ளம், மருத்துவப் பரிசோதனை என்று தினமும் நமக்குத் தேவைப்படுகிற சொல் அது.

நிகழ் + தகவு என்று பிரியும். தகுதி, தக்க, தகைமை எல்லாவற்றுக்கும் வேரான 'தகு' என்ற வினையிலிருந்து பிறந்தது தகவு. ஆக, ஒன்று நிகழ்வதற்கு எவ்வளவு தகும் என்பதன் அளவே நிகழ்தகவு. நடக்கவே முடியாததற்கு 0, நடந்தே தீருவதற்கு 1, மற்றதெல்லாம் இடையில். 'தக்கார் தகவிலர்' என்று தொடங்கும் குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே 'தகவிலர்' என்பதற்கு நடுவுநிலைமை இல்லாதவர் என்றே பரிமேலழகர் பொருள் சொல்கிறார். கணக்குச் சொல்லுக்குள் இந்தப் பழைய பொருளும் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நாணயத்துக்கு யார் மேலும் ஓரவஞ்சனை கிடையாது. போன முறை என்ன விழுந்தது என்ற நினைவும் கிடையாது. மூன்று பெண் பிறந்துவிட்டால் 'நாலாவது கட்டாயம் பையன்தான்' என்கிறோமே, அந்த நாலாவது பிரசவத்திலும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான்.

1911 வரை வடஆற்காடு மாவட்டத்தோடு இருந்து, இப்போது ஆந்திராவில் இருக்கும் சித்தூர்ப் பக்கம், தெலுங்கில் படிக்கும் பிள்ளைகள் இதையே 'சம்பாவ்யத' என்று படிக்கிறார்கள். நம்மிடமும் அந்தக் குடும்பத்துச் சொல் ஒன்று உண்டு: அசம்பாவிதம். வடமொழியில் 'நடக்க இயலாதது' என்ற பொருளில் இருந்தது, தமிழ்ச் செய்தித்தாளில் 'நடக்கக் கூடாதது' ஆகிவிட்டது. அதனால் கணக்குக்கு அது உதவாது. 'சாத்தியம்' என்றால் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. 'வாய்ப்பு' வாய்த்தல் என்பதிலிருந்து வந்தது. நல்லது கைகூடும் வாடை அதில் அடிப்பதால் 'விபத்து நடக்க வாய்ப்பு' என்று எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரேபோல் நிற்கிற சொல் நிகழ்தகவுதான்.

இனி எங்கள் வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாற்றுக்கு வருவோம். 1903 நவம்பரில் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளத்தை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு 2021 நவம்பரில் இரு கரையும் நிறைந்து ஓடியது. இடையில் 118 ஆண்டுகள். 'நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும், வந்து போயிடுச்சு, இனி நம்ம காலத்துல இல்ல' என்று நிம்மதி அடைகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நிம்மதி ஆபத்தானது.

பொறியாளர்கள் 'நூறாண்டு வெள்ளம்' என்று சொல்வது ஒவ்வொரு ஆண்டும் 100-க்கு 1 என்ற நிகழ்தகவு உடைய வெள்ளத்தை. போன வருஷம் வந்திருந்தாலும் இந்த வருஷம் அதே 100-க்கு 1. வராத ஆண்டுகள் ஆற்றுக் கணக்கில் பாக்கியாகச் சேர்வதும் இல்லை, வந்துவிட்டதால் கணக்கு தீர்ந்துபோவதும் இல்லை. சரி, ஓர் ஆண்டுக்கு 1 விழுக்காடு சின்ன எண்தானே? கரையோரம் வீடு கட்டி 30 ஆண்டு குடியிருப்பவர் அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அந்த வெள்ளத்தைப் பார்க்கும் நிகழ்தகவு சுமார் 26 விழுக்காடு. நாலில் ஒரு பங்குக்கும் மேல்! அதே சமயம், முழுசாக நூறு ஆண்டு காத்திருந்தாலும் அது வந்தே தீரும் என்றும் இல்லை. அப்போதும் 63 விழுக்காடுதான். வீட்டுமனை வாங்கும்போது இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

நாடெங்கும் இருந்து வைத்தியத்துக்கு ஆள் வருகிற வேலூரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். '99 விழுக்காடு சரியான டெஸ்ட், பாசிட்டிவ் வந்துடுச்சு' என்றால் நோய் 99 விழுக்காடு உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம். ஆயிரத்தில் ஒருவருக்கே வருகிற நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேரைச் சோதித்தால் நோயுள்ள பத்து பேருக்கும் பாசிட்டிவ் வரும். நோயே இல்லாத 9,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறக்குறைய 100 பேருக்கும் வரும். பாசிட்டிவ் ஆன 110 பேரில் நோய் இருப்பது 10 பேருக்குத்தான். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மருத்துவர் இரண்டாவது டெஸ்ட் எழுதித் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்தில் 'மழைக்கான நிகழ்தகவு 30 விழுக்காடு' என்று தயங்காமல் எழுதலாம். பேச்சில் அது கனமாகத் தெரிந்தால் 'பத்துக்கு மூணு பங்கு மழை வரும்' என்று சொன்னால் போதும். 'நூத்துக்குத் தொண்ணூறு பங்கு முடிஞ்சிடும்' என்று நம் வீடுகளில் காலங்காலமாகப் பேசுவதும் நிகழ்தகவுதான்.