ஐம்பதைத் தாண்டாத குடும்பம் என்று எதுவும் இல்லை

இந்தி நடிகர் சஞ்சீவ் குமார் 1985 நவம்பர் 6-ஆம் தேதி மும்பையில் மாரடைப்பால் இறந்தார். வயது 47. ஒரு தம்பி அவருக்கு முன்பே போய்விட்டார். இன்னொரு தம்பி அவர் போன ஆறாவது மாதம். "அவங்க குடும்பத்து ஆம்பளைங்களுக்கு ஐம்பதுக்கு மேல ஆயுசு கிடையாது" என்ற வரியோடு இந்தக் கதை இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அதே வரியைப் புறநோயாளிப் பிரிவில் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. சமீபத்தில் வந்தவர் நாற்பதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். அப்பாவும் அண்ணனும் மாரடைப்பில் போனவர்கள். இவர் ஒரு தடவைகூடக் கொழுப்புப் பரிசோதனை செய்துகொண்டதில்லை. வலி ஆரம்பித்து அரை நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்டால், "எங்க வம்சமே அப்படித்தான் டாக்டர்" என்கிறார்கள்.

சஞ்சீவ் குமாரைப் பற்றி எழுத இதைவிட நல்ல சங்கதிகள் எத்தனையோ உண்டு. இயற்பெயர் ஹரிஹர் ஜரிவாலா. 1938-இல் சூரத்தில் பிறந்து, இப்டா (இந்திய மக்கள் நாடக சங்கம்) மேடையில் இருந்து வந்தவர். வயதான பாத்திரம் என்றால் கதாநாயகர்கள் ஓடிய காலத்தில் இவர் தேடிப்போய் நடித்தார். 'ஷோலே' 1975 ஆகஸ்டில் வெளியானபோது நரைத்த தாக்கூராக வந்த இவருக்கு 37 வயது. அவர் கூலிக்கு அமர்த்தும் இரண்டு இளைஞர்களில் ஒருவரான தர்மேந்திரா, இவரைவிட இரண்டரை வயது பெரியவர். 'திரிசூல்' படத்தில் மகனாக வரும் சசி கபூர், அப்பாவாக வரும் இவரைவிட நான்கு மாதம் மூத்தவர்! ஜெயா பாதுரிக்கு 1972-இல் ஒரு படத்தில் தந்தை, இன்னொரு படத்தில் கணவன், 'ஷோலே'யில் மாமனார். 'அங்கூர்' படத்தில் இரட்டை வேடத்தில் சிரிக்க வைத்தவரும் இவரே. சிவாஜி 'நவராத்திரி'யில் போட்ட ஒன்பது வேடங்களை 'நயா தின் நயி ராத்' படத்தில் இந்தியில் போட்டார். 'பாரத விலாஸ்' படத்தின் 'இந்திய நாடு என் வீடு' பாட்டில் கௌரவத் தோற்றத்தில் வந்து போனதும் இவர்தான்.

'தஸ்தக்', 'கோஷிஷ்' இரண்டும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தவை. 'கோஷிஷ்' பார்த்தவர்களுக்கு அந்தக் கிலுகிலுப்பைக் காட்சி மறக்காது. காது கேளாத, வாய் பேசாத தம்பதி, தங்கள் குழந்தைக்காவது காது கேட்கிறதா என்று அதன் பக்கத்தில் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை திரும்பவில்லை. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, கிலுகிலுப்பைக்குள்தான் மணி இல்லை. வசனமே இல்லாமல் சஞ்சீவ் குமாரின் முகம் அந்தப் பயத்தையும் நிம்மதியையும் சொல்லிவிடும்.

படுக்க வைத்து எடுக்கிற இ.சி.ஜி.யை வைத்துக்கொண்டு "இதயத்துல அடைப்பே இல்ல" என்று நம்புவதும் மணியில்லாத கிலுகிலுப்பையை ஆட்டுவதுதான். அங்கே வீண் பயம், இங்கே வீண் தைரியம். எழுபது சதவீதம் அடைத்திருந்தாலும் ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. சுத்தமாக வரலாம். அடைப்பு வருமா என்று இருபத்தைந்து வயதில் கேட்டால், பதில் ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது.

இனி அந்த 'வம்சம்' விவகாரம். பரம்பரையாக வருவது சாவுத் தேதி அல்ல. வருவது எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ஒழுங்காக வெளியேற்றாத மரபணு, அல்லது லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற இன்னொரு கெட்ட கொழுப்பு அதிகம், அல்லது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆன நாட்டம். மரபணுவோடு ஒரே சமையலறையும், பல வீடுகளில் ஒரே சிகரெட் பழக்கமும் சேர்ந்து வருகின்றன. மரபுவழிக் கொழுப்பு மிகையில் பெற்றோரில் ஒருவருக்குக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதாவது அண்ணன் போனதால் தம்பியும் போகவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கோளாறு இல்லாத தம்பி வாழ்நாள் முழுக்க பயந்து சாகிறார். இருக்கிற தங்கை, "பொம்பளைங்களுக்கு வராது" என்று பரிசோதிக்காமலே இருக்கிறார். இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனை தீர்த்து வைக்கும்.

இன்னொன்று. அவருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு என்றும் எழுதுகிறார்கள். பிறவி இதயக் கோளாறு வேறு, ரத்தக்குழாய் அடைப்பு வேறு. சஞ்சீவ் குமார் அமெரிக்காவில் செய்துகொண்டது பைபாஸ். அது அடைப்புக்குச் செய்வது.

அவர் காலத்தில் கையில் என்ன இருந்தது என்பதையும் பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் முதல் ஸ்டாட்டின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1987-இல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. மாரடைப்பு நேரத்தில் கொடுக்கும் ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று பெரிய ஆய்வு நிரூபித்தது 1988-இல். அன்றைய பைபாஸில் பெரும்பாலும் காலில் இருந்து எடுத்த சிரையைத்தான் வைத்துத் தைத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி பத்து வருடத்தில் அடைத்துவிடும். 1985-இல் அந்த அண்ணன் தம்பிகளுக்குக் கிடைக்காத மாத்திரை இன்று மூலை மெடிக்கலில் கிடைக்கிறது. அதை வாங்கிப் போடாமல் விதியைத் திட்டினால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65-க்குள்ளோ மாரடைப்போ ஸ்டென்டோ பைபாஸோ நடந்திருந்தால், இருபது வயதிலேயே லிப்பிட் (கொழுப்பு) பரிசோதனை செய்யுங்கள். எல்.டி.எல். 190-க்கு மேல் என்றால் "எண்ணெயைக் குறைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அதற்கு மாத்திரை வேண்டும். லிப்போபுரோட்டீன் (ஏ) வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். 50 மில்லிகிராமைத் தாண்டினால் மற்ற எல்லாவற்றிலும் கூடுதல் கண்டிப்பு. ரத்த அழுத்தமும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் வருடம் ஒருமுறை. சிகரெட் பூஜ்யம், 'ரெண்டே ரெண்டு' என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆறு மாதத்தில் "நல்லாயிட்டேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். ஸ்டென்ட் ஒரு இடத்தைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். நோய் எல்லாக் குழாயிலும் இருக்கிறது. எல்.டி.எல். உங்களுக்கு 70-க்குக் கீழே இருக்கவேண்டும், முடிந்தால் 55-க்குக் கீழே.

நெஞ்சில் இறுக்கம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி. பத்து நிமிடத்தில் விடவில்லை என்றால் கேஸ் என்று விட்டுவிடாதீர்கள். சோடா வேண்டாம், பைக்கில் ஏற வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராமை மென்று விழுங்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் நீட்டும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் சரிந்து வழியிலேயே மயங்கி விழுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொண்ட முதல் டோஸ் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அதற்கு நேரம் இருக்கும்படி சீக்கிரம் வாருங்கள்.

அண்ணனுக்கு ஸ்டென்ட் வைக்கும்போது கேத் லேப் வாசலில் நிற்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அன்றைக்கே கீழே லேபில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். "காபி குடிச்சிட்டேனே" என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு அவசியம் இல்லை. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 400-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் இன்னொரு முறை எடுக்கச் சொல்வோம்.