லெக்சிகன்: அகராதியா, சொல்லகமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி ‘தமிழ் லெக்சிகன்’ என்ற பெயரால் அறியப்படுவதால், லெக்சிகன் என்றாலே அகராதி என்று கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. சொற்களை உரக்கப் படிக்கும் திறனைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் இப்பொருள் பொருந்தாது; அங்கு லெக்சிகனுக்குத் தமிழில் வேறொரு சொல் வேண்டும்.

‘லெக்ஸிஸ்’ என்றால் கிரேக்கத்தில் சொல். ‘சொல்லுதல்’ என்னும் பொருளுடைய ‘லெகெய்ன்’ அதன் வேர். சொற்களுக்குரிய நூல் என்ற பொருளில் ‘லெக்சிகோன் பிப்லியோன்’ என வழங்கிய தொடரில், ‘நூல்’ உதிர்ந்து முதற்சொல் மட்டும் நிலைத்தது. வாசிப்புக் குறைபாட்டைக் குறிக்கும் டிஸ்லெக்சியாவும் இக்குடும்பத்துச் சொல்லே.

உளவியலாளர் மாக்ஸ் கோல்ட்ஹார்ட்டும் அவருடைய குழுவினரும் 2001-இல் விரிவாக வெளியிட்ட, உரக்கப் படிப்பதை விளக்கும் இருவழிக் கணினி மாதிரியில், எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விதிப்படி ஒலியாக மாற்றுவது ஒரு வழி. சொல்லை முழுவடிவாக இனங்கண்டு, அதன் ஒலிப்பை நினைவிலிருந்து எடுப்பது மற்றொரு வழி. ஆங்கிலத்தில் ‘மின்ட்’, ‘ஹின்ட்’ ஆகியவற்றின் ஈற்றெழுத்துகளையே கொண்ட ஓர் அளவைப்பெயர் (pint) ‘பைன்ட்’ என்று ஒலிக்கப்படுகிறது. முதல் வழியான விதிவழி அதனைப் ‘பின்ட்’ என்றே படிக்கும். சொல்லை முழுவடிவாக இனங்காண இடர்ப்படும் மேற்பரப்பு டிஸ்லெக்சியா உடையோரும் பெரும்பாலும் அவ்வாறே படிக்கின்றனர். தமிழிலும் இதற்கு இடமுண்டு. ‘பயறு’, ‘பயம்’ இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினும், பேச்சுவழக்கில் முன்னதில் வல்லொலியும் பின்னதில் அதிர்வொலியும் கேட்கின்றன. இவ்வேறுபாட்டை எழுத்து காட்டுவதில்லை, சொல்லை அறிந்திருப்பதே காட்டுகிறது. எழுதியபடியே படிக்கும் மொழி தமிழ் என்ற கூற்றை அதனால் சற்றே தளர்த்திக்கொள்ள வேண்டும்.

இம்மாதிரியில் லெக்சிகன்கள் இரண்டு. ஒன்றில் 7,981 ஓரசைச் சொற்களின் எழுத்துவடிவங்களும், மற்றொன்றில் ஒலிவடிவங்களும் உள்ளன. இரண்டிலும் பொருள் கிடையாது. பொருளுக்கெனத் தனிப்பகுதி வரைபடத்தில் இருந்தாலும், அன்றைய நிரலில் அது செயல்படுத்தப்படவில்லை. ‘பைன்ட்’ ஓர் அளவை என்பதை அறியாமலே அந்நிரல் அச்சொல்லைச் சரியாகப் படித்துவிடுகிறது. பொருள் கூறாத ஒன்றை அகராதி என்பது எங்ஙனம்? அகரத்தை ஆதியாகக் கொண்டது அகராதி. இங்கோ சொற்கள் அகரவரிசையில் தேடப்படுவதில்லை, எழுத்துகள் தூண்டியவுடன் பல சொல்வடிவங்கள் ஒருசேரக் கிளர்ந்து போட்டியிடுகின்றன, அடிக்கடி வழங்கும் சொல் விரைந்து வெல்கிறது. பொருள்வகையாற் சொற்களைத் தொகுக்கும் ‘நிகண்டு’ இன்னும் தொலைவானது. ‘சொற்களஞ்சியம்’ ஓரளவு ஏற்புடையதெனினும், ஒருவரின் சொல்வளம் முழுவதையும் குறிக்கப் பயன்படுவதால் மயக்கம் தரும்.

‘சொல்லகம்’ என்பதே என் தேர்வு. எழுத்துவடிவச் சொல்லகம், ஒலிவடிவச் சொல்லகம், சொல்லகவழி, விதிவழி எனத் தொடர்புடைய கலைச்சொற்களும் அதிலிருந்து இயல்பாகப் பிறக்கின்றன.

ஆயினும் இச்சொல்லை எல்லா மாதிரிகளுக்கும் நீட்டிவிடக் கூடாது. உளவியலாளர்கள் சைடன்பெர்க்கும் மெக்கிளெலண்டும் 1989-இல் அமைத்த, படிக்கக் கற்கும் வலைப்பின்னல் மாதிரியில் சொல்லுக்கென ஓர் இருக்கையே இல்லை. ஏறத்தாழ 2,900 சொற்களில் பயிற்சி பெற்று, எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான இணைப்புகளின் வலுவிலேயே அது தன் அறிவைத் தேக்கிக்கொள்கிறது. பொருளின்றிப் புனைந்த போலிச்சொற்களைப் படிப்பதில் அது மனிதரைவிடப் பின்தங்கியது என்ற குறை எழுந்து, 1996-இல் பிளவுட் முதலியோர் திருத்தி அமைத்தபோதும், சொல்லகம் அதனுள் நுழையவில்லை. அத்தகைய மாதிரிகளைப் பற்றி எழுதுகையில் ‘லெக்சிகல்’ என்ற அடையைச் ‘சொல்சார்’ என்று பெயர்ப்பதே தகும்.