நரி வளைக்குள்ள போற டெரியரும் அது மூஞ்சியும்

இங்கிலாந்துல ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு அது எந்த வேலைக்காக உருவாக்குன நாய்னு தெரியறதே இல்ல. ஃப்ளாட்டுக்கு அடக்கமா குட்டியா இருக்குன்னு வாங்கிடுறாங்க, லீவு நாள்ல கிராமத்துப் பக்கம் கூட்டிட்டு வந்து கயித்த அவுத்து விட்டதும் அது நேரா வேலிக்கடியில இருக்குற ஒரு ஓட்டைக்குள்ள பூந்துடுது, கூப்பிட்டா வராது, தரைக்குள்ள இருந்து குரைக்குற சத்தம் மட்டும் கேக்கும். நான் வட இங்கிலாந்துல கம்ப்ரியா பக்கம் ஒரு கிராமத்து கிளினிக்ல வெட்டா, அதாவது கால்நடை டாக்டரா வேலை பாக்குறேன், ஆட்டுப் பண்ணைக்காரங்க, வேட்டைப் பறவைங்கள பாத்துக்குற கேம்கீப்பருங்க, டூர் வந்தவங்கன்னு எல்லாரும் இந்த நாய்ங்கள தூக்கிட்டு வருவாங்க, அதான் இத எழுதுறேன்.

பின்னாடி டெவன்ல பாதிரியாரா இருந்த ஜான் (ஜாக்) ரஸ்ஸல் 1819ல ட்ரம்ப்ங்கிற பெட்டை டெரியர வாங்கினார், அந்த வழியில வந்ததுதான் இந்த இனம். வேட்டை நாய்ங்க துரத்துற நரி வளைக்குள்ள பதுங்கிட்டா உள்ள போய் அத கிளப்பி விடணும், அவ்வளவுதான் அப்ப இதுக்கு வேலை. எங்க பக்கத்து லேக்லேண்ட், பேட்டர்டேல், ஸ்காட்லாந்து எல்லையில இருந்து வந்த பார்டர் டெரியர் எல்லாத்துக்கும் அதே வேலைதான். பழைய ஆளுங்க நாய் வாங்கும்போது முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்ச ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சுப் பாப்பாங்க, விரல் ஒண்ணோட ஒண்ணு தொடணும், தொடலன்னா அது வளைக்குள்ள சிக்கிக்கும்.

நரிய கண்டுபிடிக்கிறதுல நாயோட பங்கு என்னன்னா, காலி வளையா இருந்தா மோந்து பாத்துட்டு நகந்துடும், நரி இருக்குற வளைன்னா தலைய உள்ள விட்டு அப்படியே உறைஞ்சு நிக்கும், வால் நுனி மட்டும் நடுங்கும். அனுபவப்பட்ட நாய் காலி வளைல பொய் சொல்லாது. அதுக்கப்புறம் கழுத்துல லொகேட்டர் காலர் மாட்டி ஒரே ஒரு நாய உள்ள விடுவாங்க, மேல நிக்கிறவர் கைல இருக்குற ரிசீவர்ல சிக்னல் வச்சு நாய் எங்க, எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பாத்துக்குவார். நல்ல டெரியர் நரிக்கு முன்னாடி கொஞ்சம் தள்ளி நின்னு விடாம குரைக்கும், நரி வெறுத்துப் போய் வேற வாசல் வழியா வெளிய ஓடி வரும், அங்க துப்பாக்கியோட ஆள் நிப்பாங்க. கடிச்சுச் சண்டை போடுற நாயத்தான் "தில்லான நாய்"னு சில பேர் பெருமையா சொல்லுவாங்க, என் டேபிளுக்குத் திரும்பத் திரும்ப வர்றதும் அந்த நாய்தான்.

என்னைக் கேட்டா நாய் மூஞ்சி கிழியறது உள்ள போனப்புறம் முடிவாகுறது இல்ல, வெளிய நிக்கிற மனுஷன் எந்த வளைய காட்டுறாருங்கிறதுலயே பாதி முடிஞ்சு போச்சு. நரி வளை பொதுவா அகலத்த விட உயரம் கூட, வாசல்ல பறவை இறகு, எலும்பு கிடக்கும், குமட்டுற மாதிரி ஒரு நாத்தம் அடிக்கும். பேட்ஜர்ங்கிறது மண்ணத் தோண்டி வாழுற ஒரு காட்டு மிருகம், அதோட வளை படுக்க வச்ச D எழுத்து மாதிரி அகலமா இருக்கும், முன்னாடி பெரிய மண் குவியல், அதுல காஞ்ச புல்லு கலந்திருக்கும். குழப்பம் எங்க வருதுன்னா நரி பேட்ஜர் வளைலயும் குடியிருக்கும், நாய் நரிதான்னு நினைச்சுப் போகும், உள்ள இருக்குறது பேட்ஜரா இருக்கும். 1992 பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி பேட்ஜர் வளைக்குள்ள நாய அனுப்புறதே குத்தம், நரியத்தான் தேடுனேன்னு சொல்லித் தப்பிக்கிறது ஈஸி இல்ல.

நரிக்கும் சட்டம் இருக்கு. 2004 ஹண்டிங் ஆக்ட் படி இங்கிலாந்து, வேல்ஸ்ல தரைக்கடியில நாய விடலாம்னா, சுடுறதுக்காக வளக்குற இல்ல பாதுகாக்குற பறவைங்களுக்கு நரியால பெரிய சேதம் வராம தடுக்க மட்டும்தான், அதுவும் நிலம் தன்னோடதுன்னோ சொந்தக்காரர் அனுமதி குடுத்தாருன்னோ எழுத்துல கைல இருக்கணும், நாய்க்கு அடிபடாம பாத்துக்கணும்னும் அதுலயே போட்டிருக்கு. ஆட்டுக்குட்டிய நரி தூக்கிட்டுப் போகுதுங்கிற காரணம் இங்க செல்லாது, இது பண்ணைக்காரங்க பல பேருக்கே தெரியாது. ஸ்காட்லாந்துல 2023ல வந்த சட்டம் தனி.

இனி காயத்துக்கு வர்றேன். நரி கடிச்சா மூக்கு மேலயும் உதட்டுலயும் ரெண்டு மூணு சின்ன ஓட்டைதான் தெரியும், "ஒண்ணுமில்ல டாக்டர், கீறல்"னு சொல்லிட்டே உள்ள வருவாங்க. முடிய வழிச்சுட்டு ப்ரோப்ங்கிற மெல்லிய கம்பிய விட்டா அது தோலுக்கடியில கண்ணுகிட்ட வரைக்கும் போகும், உள்ள மண்ணு, முடி, சீழ். மேல சூப்பர்க்ளூ போட்டு ஒட்டிட்டு வர்றவங்களும் உண்டு, அழுக்க உள்ள வச்சுப் பூட்டுற வேலை அது, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நாங்க கழுவிட்டு பெரும்பாலும் தைக்காம திறந்தே விடுவோம், ஆன்டிபயாடிக்கும் நாய்க்குன்னு இருக்குற வலி மருந்தும் குடுப்போம். வீட்ல இருக்குற ஐபுப்ரோஃபென குடுத்துடாதீங்க, வயித்துல புண்ணு வரும், கிட்னியும் போகும்.

கண்ண எப்பவும் பாக்கணும். மூணாவது இமைய தூக்கினா அதுக்கடியில மணல் ஒளிஞ்சிருக்கும், ஒவ்வொரு தடவ சிமிட்டும்போதும் கருவிழிய உரசிட்டே இருக்கும், ஃப்ளோரசின் சொட்டு விட்டு நீல லைட் அடிச்சா கீறுன இடம் பச்சையா ஒளிரும். கீழ்த்தாடை உதடு ஈறுல இருந்து மொத்தமா பிஞ்சு தொங்குனா எனக்கு பேட்ஜர் சந்தேகம் வந்துடும், "முள்கம்பில மாட்டிக்கிச்சு"ன்னு சொன்னாலும் கம்பி அந்த மாதிரி கிழிக்காது. நாய் நலனோ பொது நலனோ பாதிக்கப்படுதுன்னா வெட் போலீஸ்கிட்டயோ ஆர்எஸ்பிசிஏங்கிற விலங்கு நல அமைப்புகிட்டயோ சொல்லலாம்னு எங்க வெட்டுங்களோட ஒழுங்குமுறை அமைப்பான ஆர்சிவிஎஸ் விதியே இருக்கு. ஆனா பயந்துட்டு நாய வீட்லயே வச்சுக்காதீங்க, சிகிச்சை குடுக்காம விடுறதுக்கும் தனியா கேஸ் வரும்.

வாக்கிங்ல உங்க நாய் உள்ள போயிட்டா கத்திக் கூப்பிட்டுட்டே, வாசல்ல தோண்டிட்டே நிக்காதீங்க. நீங்க போடுற சத்தம் நாய்க்கு உற்சாகத்த ஏத்தும், மண்ணு சரிஞ்சா மூச்சு முட்டும். மத்த நாய்ங்கள கட்டிட்டு, இடத்த ஃபோன்ல பின் பண்ணிட்டு, கொஞ்சம் தள்ளி அமைதியா காத்திருங்க, பெரும்பாலும் தானா வந்துடும். வரலன்னா நிலத்துக்காரர், ஆர்எஸ்பிசிஏ ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. பேட்ஜர் வளைன்னு தெரிஞ்சா நீங்களா மண்வெட்டி எடுக்கவே கூடாது, அதுக்கு நேச்சுரல் இங்கிலாந்துங்கிற அரசாங்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட லைசென்ஸ் வேணும். ரொம்ப நேரம் மாட்டியிருந்து வந்த நாய போர்வைல சுத்தி தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்து எங்ககிட்ட கொண்டு வாங்க, பாவம்னு ஒரு தட்டு சோத்த வைக்காதீங்க.

காயமே இல்லாம வந்தாலும் சொறி ஒட்டிக்கிட்டு வரலாம். 1994ல பிரிஸ்டல்ல நரிங்களுக்கு வந்த சொறி அந்த ஊர் நரிக் கூட்டத்துல 95 சதவீதத்துக்கு மேல காலி பண்ணிடுச்சு, அதே பூச்சிதான் நாய்க்கும் வருது, தூக்கிக் கொஞ்சுற உங்களுக்கும் அரிக்கும். நரிங்க உடம்புல இருந்து நத்தை வழியா நாய்க்கு வர்ற நுரையீரல் புழு இன்னும் மோசம், இருமல் வந்தாத்தான்னு இல்ல, சில நாய்க்கு ரத்தம் உறையாமப் போறதுதான் முதல் அறிகுறியே, அதனாலதான் சின்னக் காயத்துக்கு தையல் போடுறதுக்கு முன்னாடி கூட கடைசியா எப்ப புழு மாத்திரை குடுத்தீங்கன்னு நான் கேப்பேன். சூப்பர்மார்க்கெட் மாத்திரை இந்தப் புழுவுக்கு வேலை செய்யாது, வெட் எழுதிக் குடுக்குறத மாசாமாசம் போடணும்.