நிற்கப்போகிற ரயிலில் மோட்டாருக்கு என்ன வேலை?

மும்பையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய லோக்கலில் வண்டி கிளம்பும்போதுதான் மோட்டார் உறுமும். நிற்கும்போது பிரேக் கட்டை உரசும் கிரீச் சத்தம் மட்டும் வரும். புது வண்டிகளில் ஸ்டேஷன் நெருங்கும்போதும் மோட்டார் ரீங்கரிக்கிறது. நிற்கப்போகிற வண்டியில் மோட்டாருக்கு என்ன வேலை?"

நல்ல காது அவருக்கு. பிளாட்பாரக் கூச்சலுக்கு நடுவே இதைக் கவனித்திருக்கிறாரே! பதில் சொல்ல, மும்பை லோக்கலின் மின்சார வரலாற்றைக் கொஞ்சம் வேகமாகக் கடக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. 1928 ஜனவரியில் கொலாபா–போரிவலி பாதைக்கும் மின்சாரம் வந்தது. இரண்டிலும் 1500 வோல்ட் நேர்மின்சாரம்தான், அதாவது டிசி. அன்றைக்கு ரயிலை இழுக்கத் தோதான மோட்டார் டிசி சீரீஸ் மோட்டார்தான். நிற்கிற வண்டியைக் கிளப்ப நிறைய முறுக்குவிசை வேண்டும், அதை இந்த மோட்டார் அள்ளிக் கொடுக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் முழு மின்சாரத்தையும் கொடுத்தால் கருகிவிடும். அதனால் நடுவில் மின்தடைகளைப் போட்டு, மோட்டார்களை முதலில் தொடராகவும் பிறகு பக்க இணைப்பாகவும் சேர்த்து, படிப்படியாக மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். தரைக்கடியில் கேட்ட 'டக், டக்' அந்தப் படிகள் மாறுகிற சத்தம்.

இந்த ஏற்பாடு எண்பது வருடத்துக்கு மேல் ஒரு பெருநகரத்தையே சுமந்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கிளம்பும்போது கொஞ்சம் மின்சாரம் தடைகளில் வெந்துபோகும். நிற்கும்போது, சேர்த்த வேகம் முழுக்கப் பிரேக் கட்டையில் சூடாகிப் போய்விடும்.

1500 வோல்ட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு வண்டிக்கு 3000 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1500 வோல்ட்டில் அதற்கு 2000 ஆம்பியர் இழுக்க வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளிப் பாடம். அதே கம்பியாக இருந்தால் இழப்பில் இருநூற்று எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம்! அதனால் டிசி பாதையில் சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் கட்ட வேண்டியிருந்தது. ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டு பெட்டிகளாகி, வண்டிகளின் எண்ணிக்கையும் ஏறியபோது பழைய ஏற்பாட்டுக்கு மூச்சு முட்டியது.

இந்திய ரயில்வே 1950களின் கடைசியிலேயே 25 கிலோவோல்ட் மாறுமின்சாரத்தை, அதாவது ஏசியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. 1931-இல் 1500 வோல்ட் டிசியில் தொடங்கிய சென்னை கடற்கரை–தாம்பரம் பாதையும் 1960களிலேயே மாறிவிட்டது. மும்பையால் மட்டும் முடியவில்லை. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி ஓடுகிற பாதையில், வேலை பார்க்கக் கிடைப்பது நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம்தான். தவிர 25 கிலோவோல்ட் கம்பிக்கும் அதன் மேலே போகிற பாலத்துக்கும் நடுவே அதிக இடைவெளி வேண்டும், பிரிட்டிஷ் காலத்துப் பாலங்களோ தாழ்வானவை. சில இடங்களில் தண்டவாளத்தையே இறக்கினார்கள், ஹான்காக் பாலத்தை 2016 ஜனவரியில் இடித்தே விட்டார்கள்.

கம்பியைத் துண்டு துண்டாகத்தான் மாற்ற முடியும், ஆனால் வண்டி எல்லாத் துண்டிலும் ஓடியாக வேண்டும். ஆகவே இரண்டு மின்சாரத்திலும் ஓடும் வண்டிகள் வந்தன. எல்லையில் மின்சாரமே இல்லாத ஒரு சிறு பகுதி இருக்கும். மோட்டர்மேன் பவரை நிறுத்திவிட்டு, வண்டியைச் சும்மா உருளவிட்டு அதைக் கடப்பார். அந்தப் பக்கம் போனதும், மேலே இருப்பது ஏசியா டிசியா என்று பார்த்து அதற்கேற்ற இணைப்பு விழும். இப்படியே மேற்கு ரயில்வே 2012-இலும், மத்திய ரயில்வேயின் பிரதான பாதை 2015-இலும் மாறின. ஹார்பர் பாதையில் கடைசி டிசி லோக்கல் 2016 ஏப்ரலில் ஓடியது.

இதற்கிடையே 2007-இல் வெள்ளையும் ஊதாவுமாக ஒரு புது வண்டி வந்தது. உலக வங்கிக் கடன், சென்னை ஐ.சி.எஃப்-இல் கட்டிய பெட்டி, சீமென்ஸ் நிறுவனத்தின் மின்கருவிகள். 2015-இல் பம்பார்டியர் கருவிகளோடு இன்னொரு வகை வந்தது. வாசகர் கேட்ட ரீங்காரம் இந்த வண்டிகளுடையது. இவற்றில் டிசி மோட்டாருக்குப் பதில் மும்முனைத் தூண்டல் மோட்டார் இருக்கிறது. எனக்குக் கேட்டால், மனிதன் செய்த இயந்திரங்களிலேயே மிக அழகானது இதுதான்.

வெளியே அசையாத மூன்று கம்பிச் சுருள்கள். அவற்றில் மும்முனை மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும்போது, எதுவும் அசையாமலே ஒரு காந்தப்புலம் மட்டும் சுழல்கிறது. உள்ளே உலோகத் தண்டுகளைக் கூண்டுபோல் அடுக்கிய ஒரு உருளை, அதுதான் ரோட்டர். அதற்கு வெளியிலிருந்து எந்தக் கம்பியும் போகவில்லை, தேய்ந்துபோக கார்பன் பிரஷ்ஷும் கிடையாது. சுழலும் புலம் தண்டுகளைக் கடந்து ஓடும்போது அவற்றில் தானாக மின்சாரம் தூண்டப்படுகிறது. புலத்துக்குள் மின்சாரம் ஓடினால் விசை பிறக்கும். ரோட்டர் புலத்தின் பின்னாலேயே ஓடத் தொடங்குகிறது, தழைக்கட்டைக் காட்டிக்கொண்டே ஆட்டை நடத்திப்போவது போல. எட்டிப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் புலம் தண்டுகளைக் கடக்காது, தூண்டலும் இல்லை, விசையும் இல்லை. அதனால் ரோட்டர் எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓடும். இந்தப் பின்தங்கலுக்கு 'ஸ்லிப்' என்று பெயர்.

சரி, இப்போது பிரேக். நான்கு துருவ மோட்டார் ஒன்றுக்கு 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை ஏறி இறங்கும் மின்சாரம், கொடுக்கிறோம். புலம் நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றும், ரோட்டர் 1770-இல் துரத்துகிறது, வண்டி ஓடுகிறது. மோட்டர்மேன் கைப்பிடியை பிரேக் பக்கம் தள்ளுகிறார். கணினி 60-ஐ 58 ஆக்குகிறது. அவ்வளவுதான். புலத்தின் வேகம் 1740 ஆகிவிட்டது. ஆனால் பல நூறு டன் வண்டி ஒரு நொடியில் வேகம் குறையுமா? ரோட்டர் இன்னும் 1770-இல்தான் சுற்றுகிறது. பின்னால் ஓடியது முன்னால் போய்விட்டது! தண்டுகள் இப்போது புலத்தை எதிர்த்திசையில் கடக்கின்றன, தூண்டப்படும் மின்சாரம் திரும்புகிறது, விசையும் திரும்பி ரோட்டரைப் பின்னுக்கு இழுக்கிறது. மோட்டார் ஜெனரேட்டராகிவிட்டது. எந்த இணைப்பையும் கழற்றி மாட்டவில்லை, வெறும் இரண்டு ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். வண்டி வேகம் குறையக் குறையக் கணினியும் புலத்தை ரோட்டருக்குச் சற்றுக் கீழேயே வைத்துக் கூட்டிக்கொண்டு வரும். வேகம் மணிக்குச் சில கிலோமீட்டராக இறங்கிய பிறகுதான் காற்று பிரேக்.

இந்த மோட்டாரின் தத்துவம் 1880களிலேயே, டெஸ்லா காலத்திலேயே தெரிந்ததுதான். ஆனால் வேகத்தை மாற்ற அதிர்வெண்ணை மாற்ற வேண்டும், அதை ஓடுகிற வண்டியில் செய்ய வழியில்லாமல் ரயில்கள் பெரும்பாலும் டிசி மோட்டாரோடே காலம் தள்ளின. நொடிக்குப் பல நூறு முறை மின்சாரத்தைத் திறந்து மூடும் ஐ.ஜி.பி.டி போன்ற குறைகடத்திகள் வந்த பிறகே அது சுலபமானது. அந்தத் திறந்து மூடும் துடிப்பில் மோட்டாரின் இரும்பும் சுருளும் அதிர்கின்றன. வாசகர் கேட்டது அந்த அதிர்வைத்தான். வேகத்துக்கு ஏற்பத் துடிப்பின் ஒழுங்கு மாறுவதால் சுருதியும் ஆங்காங்கே தாவும். பிரேக் பிடிக்கும்போதும் அதே துடிப்பு நடக்கிறது, மின்சாரம் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. எனவே அதே ராகம் இறங்குமுகத்தில் கேட்கிறது.

பிறந்த மின்சாரம் மின்மாற்றி வழியாகவும், கூரைமேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு வரும் சட்டமான பாண்டோகிராஃப் வழியாகவும் மேலே கம்பிக்கு ஏறுகிறது. எவ்வளவு தேறும்? 700 டன் வண்டி மணிக்கு 72 கிலோமீட்டரில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 39 யூனிட். அதில் பாதி திரும்பக் கிடைத்தாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிட்டத்தட்ட 20 யூனிட். டிசி காலத்தில் பக்கத்தில் இன்னொரு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தால்தான் இது செலவாகும், ஏனென்றால் துணைமின் நிலையத்தில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஒருவழிப் பாதை. ஏசியில் மின்மாற்றி இருபக்கமும் விடும், மிச்சம் மின்கட்டமைப்புக்கே போகலாம்.

தசராவுக்கு மும்பைப் பயணிகள் லோக்கலுக்கு மாலை போட்டுப் பூஜை செய்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, தினமும் வீடு சேர்க்கிற இயந்திரத்துக்கு ஒரு மரியாதை. புது வண்டி முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிடுவதுதான் புரியவில்லை. வண்டியை நிறுத்துவது ஸ்லிப், எலுமிச்சை அல்ல. அந்த அக்கறையைக் குறைகடத்தி ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் காட்டலாம். பெட்டியை பெரம்பூரில் கட்டுகிறோம், மோட்டாரும் அதற்கு அதிர்வெண்ணை மாற்றித் தரும் கன்வெர்ட்டரும் இங்கேயே செய்கிறோம், ஹைதராபாத்தின் மேதா நிறுவனம் வந்தே பாரத்துக்கே இழுவைக் கருவிகள் கொடுத்தது. ஆனால் அந்தக் கன்வெர்ட்டருக்குள் திறந்து மூடுகிற ஐ.ஜி.பி.டி சில்லு பெரும்பாலும் இன்னும் கப்பலிலோ விமானத்திலோதான் வருகிறது.